ஒப்புதலும் உண்மையும்

“நானே கொன்றேன்!” என்று ஒருவன் சொல்லிவிட்டால் நீதி நிறைவுற்றதா?

இங்கிலாந்தில், லெஸ்டர்ஷயரில், 1983லும் 1986லும் 15 வயதுச் சிறுமியர் இருவர் கொலையுண்டனர். இரண்டாவது கொலையைத் தானே செய்ததாக ஒப்புக்கொண்டான், 17 வயது இளைஞன். அலெக் ஜெஃப்ரீஸ் 1984இல் கண்டறிந்த மரபணுச் சோதனையோ மறுத்தது: இருவரையும் கொன்றவன் ஒருவனே, அவன் இவனல்லன்! குற்றவாளியைப் பிடிக்குமுன் குற்றமற்றவனை மீட்டது விஞ்ஞானம். அச்சம் நாவை வளைக்கும், குருதியை வளைக்குமோ?

பின்னர் ஏறத்தாழ 5,000 ஆடவர் சோதிக்கப்பட்டனர். கொலைகாரனோ தனக்குப் பதில் வேறொருவனை அனுப்பி ஏய்த்தான். அந்த ஆள் உளறியதைக் கேட்டவர் காவலரிடம் உரைத்தார். 1987இல் பிடிபட்டான், 1988இல் தண்டனை பெற்றான்.

தோழர்களே! உண்மையைக் காட்டக் கருவி உண்டு. அதை உரைக்க நெஞ்சுரம் வேண்டும். ஐயுறுக, ஆய்க, அதன்பின் தீர்ப்பளிக்க!