யாருக்கு விழுந்த சீட்டு?

நியூ ஜெர்சியில் இருக்கும் என் அக்கா மகன் 2025 டிசம்பரில் ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்கு போன் செய்தான். ராத்திரி பதினோரு மணிக்கு நல்ல செய்தி வராது என்று நம்புகிற தலைமுறை நான். பதறிப்போய் எடுத்தால், "மாமா, ஒரு தர்மசங்கடம்" என்கிறான்.

விஷயம் இதுதான். 2026 கால்பந்து உலகக் கோப்பைக்கான டிக்கெட்டை ஃபிஃபா, 2025 செப்டம்பரில் முதல் கட்டமாகக் குலுக்கல் போட்டு விற்க ஆரம்பித்தது. 45 லட்சம் பேருக்கு மேல் பெயர் கொடுத்தார்கள். இவன் பெயரும் விழுந்தது. விழுந்தால் டிக்கெட் கையில் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். 'இன்ன நாள், இன்ன நேரத்துக்கு வா. அப்போது மிச்சம் இருப்பதை, அப்போதைய விலைக்கு வாங்கிக்கொள்.' அவ்வளவுதான் அந்தச் சீட்டின் மதிப்பு.

இவனும் அக்டோபரில் உட்கார்ந்து, வீட்டுக்குப் பக்கத்து மைதானத்தில் ஜூன் 13 அன்று நடக்கவேண்டிய ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட் வாங்கினான். யாரோடு யார் மோதப்போகிறார்கள் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. டிசம்பர் முதல் வாரத்தில் அணிகளைக் குலுக்கி அட்டவணை போட்டார்கள். இவன் ஆட்டத்துக்கு வந்து விழுந்தது, பிரேசிலும் மொராக்கோவும்!

டிக்கெட்டை மறுபடி விற்பதற்கு ஃபிஃபாவே ஒரு கடை திறந்து வைத்திருந்தது. விற்பவரிடம் 15 சதவிகிதம், வாங்குபவரிடம் 15 சதவிகிதம் கமிஷன். நம் ஊரில் பிளாக்கில் டிக்கெட் விற்றவனை போலீஸ் துரத்தும். இங்கே தியேட்டர்காரரே தனி கவுன்ட்டர் போட்டு, இரண்டு பக்கமும் கை நீட்டுகிறார். அந்தக் கடையில் இவன் டிக்கெட் பல மடங்கு விலை பேசிக்கொண்டிருந்தது.

"வித்துடு. இதுல என்னடா சங்கடம்?"

"இல்ல மாமா. நான் காபி குடிக்கிற கடையில ஒரு பிரேசில்காரர் இருக்கார். அவரும் பேர் கொடுத்தாராம், விழலை. எனக்கு ஆஃப்சைடுன்னா என்னன்னுகூட ஒழுங்கா தெரியாது. எனக்குப் போய் விழுந்திருக்கு. விக்கறதா, அவருக்கு வாங்கின விலைக்கே கொடுக்கறதா?"

நான் பி.காம். படித்தவன். ஒரு பொருளைக் கேட்பவர் அதிகமாகவும் பொருள் கொஞ்சமாகவும் இருந்தால் விலை ஏறும். யாருக்கு ரொம்ப வேண்டுமோ அவர் கூடுதலாகக் கொடுத்து வாங்கிக்கொள்வார் என்று மூன்று வருஷம் எழுதி எழுதி பாஸ் செய்தவன். "வித்துடுடா" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன்.

தூக்கம் வரவில்லை. யாருக்கு ரொம்ப வேண்டும் என்பதையா விலை சொல்கிறது? யாரிடம் ரொம்ப இருக்கிறது என்பதை அல்லவா சொல்கிறது? காபி கடைக்காரர் மூன்று மாதச் சம்பளத்தைத் தரத் தயாராக இருக்கலாம். இன்னொருவருக்கு அது ஒரு நாள் சம்பளம். ஜெயிப்பது இரண்டாமவர்தான். இதற்கு 'வேண்டும்' என்று பெயர் வைத்தது எங்கள் பாடப் புத்தகத்தின் சாமர்த்தியம்.

அந்த வாரக் கடைசியில் வேறு வேலையாகப் பழவேற்காடு போகவேண்டி இருந்தது. நீங்களும் போயிருப்பீர்கள். பொன்னேரி தாண்டி, உப்புக் காற்று முகத்தில் அடிக்க ஆரம்பித்தால் ஏரி வந்துவிட்டது என்று அர்த்தம். ஒரிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. டச்சுக்காரர்களின் கல்லறைகளையும் பூநாரைகளையும் பார்த்துவிட்டு, இறால் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதுதான் நம் வழக்கம். நான் போனது முகத்துவாரத்தில் மணல் அடைப்பதைப் பற்றி எழுத. ஆனால், படகோரம் வலை சரிசெய்துகொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சு எங்கேயோ போய், 'பாடு'க்கு வந்து நின்றது.

பாடு என்றால் வலை கட்டுகிற இடம். இறால் கடலுக்கும் ஏரிக்கும் நீரோட்டத்தோடு போய் வரும். அந்த வழியில் கம்பு நட்டு சுத்துவலை கட்டினால் அள்ளலாம். ஆனால், எல்லா இடத்திலும் இறால் ஒரே மாதிரி விழாது. முகத்துவாரத்துக்குப் பக்கத்து இடம் தங்கச் சுரங்கம். இன்னோர் இடத்தில் கூலிகூடத் தேறாது. ஒருவன் வலைக்கு முன்னால் இன்னொருவன் கட்டிவிட்டால் பின்னால் இருப்பவனுக்கு வெறும் தண்ணீர்தான். முதலில் போனவனுக்கே இடம் என்றால் தினமும் அடிதடி. காசு கொடுத்தவனுக்கே இடம் என்றால் நாலு வருஷத்தில் ஏரி நாலு பேர் கையில் இருக்கும்.

இந்தப் பட்டினவர் குப்பங்கள் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த வழி, சீட்டு. ஊர் கூடி சீட்டுக் குலுக்கி, எந்தக் குழு எந்தப் பாட்டில் என்று முடிவு செய்வது. அதோடு விட்டால் அதிர்ஷ்டக்காரன் வருஷம் முழுக்க அள்ளிக்கொண்டிருப்பானே? அதனால், முறை சுழலும். இன்று நல்ல இடத்தில் கட்டியவன் அடுத்த முறை சுமாரான இடத்துக்குப் போகவேண்டும். சுமாரான இடத்தில் இருந்தவன் நல்ல இடத்துக்கு வருவான். சீட்டு தீர்மானிப்பது யார் முதலில் என்பதை மட்டும்தான். யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதை அல்ல.

எனக்கு சந்தோஷம் தாங்கவில்லை. ஃபிஃபா தலைமை அலுவலகத்துக்கு இந்தப் பெரியவரை அனுப்பிவைக்கலாமா என்றுகூடத் தோன்றியது. கட்டுரையை அங்கேயே மனசுக்குள் எழுதி முடித்துவிட்டேன்.

திரும்பி வரும்போது, கரையோரம் முழங்கால் ஆழத் தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள் சில பெண்கள். வலை கிடையாது, படகு கிடையாது. வாயில் ஒரு பையைக் கவ்விக்கொண்டு, பிடிக்கப் பிடிக்க அதில் போடுகிறார்கள். இருளர்கள். கரையேறிய ஓர் அம்மாவிடம், புதிதாகக் கற்றுக்கொண்ட மிதப்பில், "உங்களுக்கு எந்தப் பாடுங்க?" என்று கேட்டேன்.

"எங்களுக்கு ஏது சார் பாடு? படுற பாடுதான்" என்று சொல்லிவிட்டு, சேலையைப் பிழிந்துகொண்டு போய்விட்டார்.

மனசுக்குள் எழுதிய கட்டுரை அங்கேயே கிழிந்தது. அப்புறம் விசாரித்தால், பாடு உரிமை பரம்பரையாகக் குறிப்பிட்ட சில குப்பங்களுக்கு, அதிலும் ஊர்க் கணக்கில் தலைக்கட்டாக இருக்கும் ஆண்களுக்குத்தான். அதே ஏரியை நம்பி இருக்கும் தலித்துகள், இருளர்கள், மற்ற குப்பத்துக்காரர்கள் பெயர் சீட்டிலேயே கிடையாது. எங்களையும் சேருங்கள் என்று கேட்டு வந்த தகராறுகள் பல. உள்ளே இருப்பவர்கள் பக்கமும் ஒரு பேச்சு உண்டு. ஆளைச் சேர்க்கச் சேர்க்க முறை திரும்பி வருவதற்கு நாள் கூடும். இறாலோ வருஷத்துக்கு வருஷம் குறைகிறது. எல்லாருக்கும் கொடுத்தால் யாருக்கும் வயிறு நிறையாது என்கிறார்கள். பொய் என்று தள்ளிவிட முடியவில்லை. ஆனால், அந்தக் கணக்கில் எப்போதும் வெளியே நிற்பவர் ஏன் அதே ஆளாக இருக்கிறார்?

உத்திரமேரூர் கல்வெட்டை நினைத்துப் பாருங்கள். பத்தாம் நூற்றாண்டில், பராந்தகச் சோழன் காலத்தில், ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லி வாரியத்துக்கு ஆள் எடுத்தார்கள். முந்தைய மூன்று வருஷத்துக்குள் பதவியில் இருந்தவர் பெயர் குடத்துக்குள் போகாது. எவ்வளவு நேர்மை! மேடைக்கு மேடை பேசுகிறோம். கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி, வயது 35-லிருந்து 70 - இத்தனையும் இருந்தால்தான் ஓலையில் பெயரே எழுதுவார்கள் என்பதை மேடையில் கொஞ்சம் வேகமாகத் தாண்டிவிடுவோம். குடத்தில் கைவிட்ட பையன் கள்ளம் செய்யவில்லை. செய்யவேண்டியதைப் பெரியவர்கள் ஏற்கெனவே செய்து முடித்திருந்தார்கள்.

ஃபிஃபாவின் குடத்திலும் ஒரு வடிகட்டி இருந்தது. ஜாதி இல்லை, ஆண் பெண் இல்லை, முதல் கட்டத்தில் விசா கார்டு வைத்திருந்தவர் யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம். விலைதான் வடிகட்டி. 2022-ல் கத்தார் தன் நாட்டில் வசிப்பவர்களுக்கென்று 40 ரியாலுக்கு டிக்கெட் ஒதுக்கியது. அந்த மைதானங்களைக் கட்டிய நம் ஆட்களில் சிலராவது உள்ளே போய் உட்கார முடிகிற விலை. 2026-க்கு முதலில் அறிவித்தது 60 டாலரிலிருந்து, இறுதியாட்டத்துக்கு 6,730 டாலர் வரை. அதுவும் கிராக்கியைப் பொறுத்து மாறும். ரசிகர்கள் கூச்சல் போட்ட பிறகு, டிசம்பரில் ஒவ்வோர் அணியின் தீவிர ரசிகர்களுக்கும் என்று கொஞ்சம் டிக்கெட்டை, இறுதியாட்டம் உட்பட, 60 டாலருக்கு ஒதுக்கினார்கள். 'கொஞ்சம்' என்பதை அடிக்கோடிட்டுப் படிக்கவும்.

இதையெல்லாம் அசைபோட்டுவிட்டு, அக்கா மகனை நானே கூப்பிட்டேன். இந்த முறை அவனுக்கு ராத்திரி.

"டேய், அன்னிக்கு நான் சொன்னதை அப்படியே எடுத்துக்காதே. அந்த பிரேசில்காரருக்கு..."

"கொடுத்துட்டேன் மாமா. வாங்கின விலைக்கே. கண்ணுல தண்ணி வந்துடுச்சு அவருக்கு."

எனக்கே நெஞ்சு அடைத்தது. பையனை நன்றாகத்தான் வளர்த்திருக்கிறாள் அக்கா. கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது.

"ரெண்டு டிக்கெட் இல்ல வாங்கினே? இன்னொண்ணு?"

"அதை வித்துட்டேன் மாமா" என்றான். "நாலு மடங்கு."