சைகையும் வாய்மொழிதான்

1920இல் அம்பேத்கர் தொடங்கிய பத்திரிகையின் பெயர் ‘மூக்நாயக்’. ஊமைகளின் தலைவன். பேச விடாமல் அடக்கப்பட்ட ஒரு சனத்தையே அந்தச் சொல் குறித்தது. குரலற்றவர்கள், வாயில்லாச் சனங்கள் என்று நாமும் மேடைக்கு மேடை சொல்லி வருகிறோம். நெசமாவே காது கேக்காத, வாய் பேசாத ஒருத்தர் சேரியில இருந்தா, அவருக்கு நம்ம இயக்கத்துல என்ன இடம்?

சட்டம் இந்த விசயத்தில் நம்மை முந்திக்கொண்டது. பேச முடியாதவர் நீதிமன்றத்தில் சைகையால் சொல்வதும் வாய்மொழிச் சாட்சியமே என்று 1872 சாட்சியச் சட்டத்தின் 119ஆம் பிரிவே சொன்னது. மொழிபெயர்ப்பாளரோ சிறப்பு ஆசிரியரோ உதவ வேண்டும், வீடியோவில் பதிய வேண்டும் என்று 2013இல் சேர்த்தார்கள். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்திலும் அது இருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, அவரவர் விரும்பும் மொழியில், முறையில் வாக்குமூலம் பதிய வசதி செய்வது அரசின் கடமை என்கிறது.

விரும்பும் மொழியாம்! என்னமோ நாலஞ்சு மொழி கைவசம் இருக்கிற மாதிரி. பொன்னமராவதி பக்கத்துச் சேரியில் பள்ளிக்கூடமே போகாமல் வளர்ந்த ஒருவருக்கு இந்தியச் சைகை மொழி எப்படித் தெரியும்? வீட்டுக்குள்ள புழங்கிப் புழங்கி உண்டான சைகைதான் அவர் மொழி. அது பெத்தவளுக்கும் கூடப்பொறந்ததுகளுக்கும்தான் விளங்கும். டவுனிலிருந்து வரும் மொழிபெயர்ப்பாளர் முழிப்பார்.

அம்மாவே சொல்லட்டும் என்றால் அங்கேதான் சிக்கல். ராஜஸ்தான் கொலை வழக்கொன்றில் பேச முடியாத பெண்ணின் சைகைகளை அவருடைய தகப்பனார் சத்தியப்பிரமாணம் எடுக்காமலே மொழிபெயர்த்தார். 2012இல் உச்சநீதிமன்றம் அந்தச் சாட்சியத்தை ஏற்கவில்லை. மொழிபெயர்ப்பவர் அதே சூழலைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும், ஆனால் வழக்கில் அக்கறை இல்லாதவராக இருக்க வேண்டும் என்றது.

கேக்க நியாயமாத்தான் இருக்கு. அடிபட்டது சேரி ஆள், அடிச்சது ஊர்த்தெரு ஆள் என்றால், அதே சூழலில் அக்கறை இல்லாதவரை எங்கே போய்த் தேடுவது? சேரியில் எல்லாருக்கும் அக்கறை உண்டு. ஊர்த்தெருவுக்கும் உண்டு, வேறு மாதிரி. சாதியூரில் நடுநிலை என்பதே வெளியூர்ச் சரக்கு. அக்கறை இருக்கிறவள் பொய்தான் சொல்வாள் என்று முடிவுகட்டினால், அந்தப் பிள்ளை கடைசிவரை சாட்சியே ஆக முடியாது. சத்தியப்பிரமாணம் எடுக்கவைத்து அம்மாவைக் கேட்கட்டும். சைகை வீடியோவில் இருக்கிறதே, சந்தேகம் இருந்தால் இன்னொருவரை வைத்துச் சரிபார்க்கட்டும்.

நம்முடைய உண்மை அறியும் குழுக்களையும் சொல்ல வேண்டும். பேசத் தெரிந்தவர்களைப் பதிந்துகொண்டு கிளம்பிவிடுகிறோம். அடுத்த தடவை அவர் கை சொல்றதையும் முழுசாப் படம்பிடிச்சுட்டு வாங்க தோழர்களே. அம்மா சொல்றத தனியா எழுதிக்கலாம்.