மந்தை யழிவும் மண்ணுரிமையும்

ஒருவன் தன் பிழையாலன்றி வந்த இடரினாலே தன் பொருளைப் பேணும் வலியிழந்து நிற்குங் காலத்து, அப்பொருள் அவனுடையதாகவே இருக்குமோ, அன்றி எடுப்பார் கைப்பொருளாய் விடுமோ? நோயுற்றுக் கிடப்பவன் வீட்டு வாயில் திறந்து கிடக்கின்றதென்று உட்புகுந்து கவர்பவனைக் கள்வனென்றே யாவருஞ் சொல்லுவர். ஆயினும், ஒருவனிடத்தே ஒரு ஜனக்கூட்டத்தாரும், வீட்டினிடத்தே ஒரு நாடும் வந்து நிற்பின், கற்றறிந்தோர் பலரும் அவ்வாறு சொல்லத் தயங்குகின்றனர். அத்தயக்கத்திற்குத் தக்க காரணம் உண்டோ என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகுந்த விஷயம்.

கிழக்கு ஆபிரிக்காவிலே கென்யா, தன்சானியா என இந்நாள் வழங்குந் தேசங்களின் புல்வெளிகளில் வாழும் மசாய் மக்கள், மாடே செல்வமாகக் கொண்டவர்கள். மாடு என்னுஞ் சொல்லே செல்வத்தையுங் குறிக்கும் பாஷையையுடைய நமக்கு இதனை விரித்துரைத்தல் வேண்டா. பால் அவர்க்கு உணவு. பெண்ணுக்குப் பரிசமாகக் கொடுப்பது மாடு. நட்பின் அடையாளமும், குற்றத்திற்கு ஈடும் அதுவே. 1887 ஆம் ஆண்டளவிலே இத்தாலியப் படையின் பொருட்டு மசாவாத் துறையில் இறக்கப்பட்ட மாடுகளோடு வெக்கைநோய் அப்பகுதியிற் புகுந்ததென்பர் சரித்திர ஆசிரியர். காய்ச்சலும், கண் மூக்குகளில் நீரொழுகலும், வாய்ப்புண்ணும், ஓயாக் கழிச்சலுமாகிச் சின்னாளில் மாடு மடியும். அந்நோயை முன்னறியாத மந்தையிலே பத்தில் ஒன்பது மடிதலும் உண்டு. எதியோப்பியாவிலே உழுதற்கு எருதுமின்றி, 1888 முதல் 1892 வரை பெரும் பஞ்சம் நிகழ்ந்தது. மசாய் நாட்டை 1890, 1891 ஆம் ஆண்டுகளில் அந்நோய் அடைந்தது. மாடு மாள, மனிதரும் பட்டினியால் மாண்டனர். எஞ்சியோரை வைசூரி வாரிக்கொண்டது. பிள்ளைகளை அயலிலுள்ள கிக்கூயு உழவரிடம் ஒப்புவித்துச் சென்றோரும் பலர். அந்நாட்டிலே அக்காலத்துச் சென்ற ஒஸ்கார் பவுமான் என்னும் பிரயாணி, அச்சனங்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இறந்தொழிந்தனர் என மதித்தார். அக்காலத்தை அவர்கள் எமுத்தாய் என்பர். முற்றுந் துடைத்தழித்தல் என்பது அதன் பொருள்.

இவ்வழிவின் பின்னரே ஆங்கிலேயர் ஆட்சி அங்கே வேரூன்றிற்று. இந்நோய் செருக்குடைய இடையரை அடக்கித் தம்மவர் முயற்சிக்கு வழிதிறந்தது என்னுங் கருத்தை லுகார்ட் துரை 1893 இல் வெளியிட்ட நூலில் ஒளியாது எழுதினார். அவர் வாய்மையை நாம் மெச்சலாம், அவ்வளவே. புகையிரதம் போடப்பட்டபின் வந்த குடியேறிகள் கண்டது ஆளற்ற புல்வெளி. ஆளற்றதாதலின் உடையவரும் அற்றது என்று அவர்கள் கொண்டனர். 1904 ஆம் ஆண்டு உடன்படிக்கையினாலே மசாய் மக்கள் பிளவுப் பள்ளத்தாக்கை விட்டு, வடக்கே லைக்கிப்பியாவுக்கும் தெற்கேயுள்ள நிலத்துக்கும் பெயர்க்கப்பட்டனர்.

இதற்கு நியாயங் கூறுவோர் முதற்கண், அந்நோயை எவரும் வேண்டுமென்று பரப்பவில்லையே என்பர். மெய்தான். படைக்கு உணவு கொண்டுசெல்வோர் தாமறியாமலே நோயையுங் கொண்டுசெல்லுதல் புதிதன்று. நெடுங்காலம் இவ்விலங்கையில் இல்லாதிருந்த இதே வெக்கைநோய், 1987 இலே இந்தியப் படையினரின் உணவுக்காகக் கொணர்ந்த ஆடுகளோடு மீண்டும் வந்ததென்று கால்நடை வைத்திய நூலார் குறிக்கின்றனர். அறியாது செய்த தீங்கிற் குற்றஞ் சிறிதாகலாம். ஆனால் அத்தீங்கின் பயனை அறிந்தே நுகர்தல் வேறொரு செயல். அதற்கு அறியாமை துணை நில்லாது.

உழைப்பைக் கலந்தவனுக்கே நிலம் உரியது. பயன்படாது கிடக்கும் நிலத்திற்கு உடையவனில்லை என்பது அடுத்த வாதம். ஜோன் லொக் முதலிய மேனாட்டு அறிஞர் வழிவந்த இக்கொள்கையை நாம் முற்றும் இகழ்ந்தோமல்லோம். ஆயின், உழவன் நிலத்தைக் கொண்டு இடையன் நிலத்தை அளத்தல் முறையன்று. மாரியில் ஒரு புலத்தும் வறட்சியில் வேறொரு புலத்தும் மேய்ப்பவனுக்கு, நிலத்தை வெறுமையாக விடுதலும் பயன்படுத்தலேயாம். புல் தழைத்தற்பொருட்டு அவன் அதனை விட்டுப் போகின்றான். அவன் மீளுதற்குத் தடையாயிருந்ததும் அந்நோயின் விளைவே. பல இடங்களிலே மேய்வார் இன்மையாற் புதர் மண்டி, உறக்கநோயைப் பரப்புஞ் செற்சே என்னும் ஈ அதிற் பெருகிற்று.

அவர் தாமே உடன்பட்டனர் என்பது மூன்றாவது. இதுவே நம்மை அதிகம் வருத்துவது. ஒலோனானா என்னும் பெரியார் 1904 இல் அவ்வுடன்படிக்கைக்கு இசைந்தது மெய். மசாய்க் குலம் உள்ளளவும் அது நிலைபெறும் என்று அரசினர் வாக்களித்ததும் மெய். 1911 இல், ஏழே ஆண்டுகளில், லைக்கிப்பியாவும் மற்றோர் உடன்படிக்கையாற் கொள்ளப்பட்டது. மசாயர் சிலர் 1913 இல் வழக்கிட்டபோது, அவர் பிறநாட்டார்போற் பொருத்தனை செய்தவராதலின் அதனை விசாரிக்கும் அதிகாரம் நமக்கில்லை என்று நீதிமன்றம் தள்ளிற்று. கையொப்பத்திற்குப் போதுமான சுதந்திரம், முறையீட்டிற்குத் தடையாயிற்று! பாதி ஜனத்தை இழந்து, அழிந்த மந்தையைப் பெருக்க முயன்றிருந்த ஒரு கூட்டத்தார், பீரங்கியுடையாரோடு செய்த இசைவை இசைவென்று சொல்லுதல் எங்ஙனம்?

நோயின் கதை நன்றாகவே முடிந்தது. கென்யாவின் முகுகாவிலே வால்ட்டர் பிளவுறைட் என்பவர் 1960 ஆம் ஆண்டையொட்டிச் செம்மைசெய்த தடுப்புமருந்து, ஒருமுறை குத்தினால் மாட்டினை ஆயுள்வரை காத்தது. பின்னர் வெப்பந் தாங்கும் வகையும் ஆக்கப்பட்டு, வைத்தியர் செல்லாத இடங்களுக்கு இடையரே அதனைக் கொண்டுசென்று குத்தினர். 2001 இல் கென்யாவின் மேருக் காட்டிற் காணப்பட்டதே கடைசி. 2011 இல் உலகினின்றும் அந்நோய் ஒழிந்தது என அறிவிக்கப்பட்டது. வைசூரிக்கு அடுத்தபடியாக மனிதர் வேரறுத்த நோய் இதுவொன்றே.

நிலத்தின் கதை அவ்வாறன்று. 2004 ஆம் ஆண்டிலே, முதலுடன்படிக்கைக்கு நூறாண்டு நிறைந்தபோது, குத்தகைக்காலம் 99 ஆண்டுகளோடு முடிந்ததென்று கூறி, மசாய் மக்கள் லைக்கிப்பியாவின் பண்ணைகளுள்ளே தம் மாடுகளை ஓட்டிச் சென்றனர். குத்தகை 999 ஆண்டுகளுக்குரியது என்று கென்ய அரசினர் விடையிறுத்து, அவர்களை வெளியேற்றினர்.