அருளும் பரிபாகமும்

வீடுபேறு இறைவன் அருளால் எய்துவதோ, உயிரின் முயற்சியால் எய்துவதோ என்னும் வினா நம் சமயத்தார்க்கே உரியதன்று. கிறித்தவருள்ளும் இதுபற்றி எழுந்த வழக்கு நெடியது. கி. பி. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாகியர் என்பார், மனிதன் தன் உரத்தாலேயே நன்னெறி நிற்றல் கூடும் என்றனர். அகஸ்தீனார் அதனை மறுத்து, நன்மையை விரும்புதற்கும் அருளே முற்படல் வேண்டும் என்றனர். 1517-இல் மார்ட்டின் லூதர் மன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்துத் தொடங்கிய கிளர்ச்சியும் இவ்வினாவையே நடுவாகக் கொண்டு வளர்ந்தது. விசுவாசம் ஒன்றினாலே பாவி நீதிமானாக எண்ணப்படுவன் என்பது அவர் துணிபு. கத்தோலிக்கர் திரெந்து சங்கத்தில் (1545-1563) அதனை மறுத்தனர். லூதர் வழியினரும் கத்தோலிக்கரும் இதன் அடிப்படைகளில் உடன்பட்டு ஒப்பமிட்டது 1999-இலேயாம்.

முயற்சியின்றி முத்தி உண்டாயின் ஒழுக்கம் எற்றுக்கு என நம்மவர் சிலர் எளிதிற் கடாவுவர். அக்கடா பவுலடிகள் உரோமர்க்கு எழுதிய நிருபத்திலேயே எழுப்பப்பட்டு மறுக்கப்பட்டுள்ளது. அன்றியும், அது நம்மேலும் திரும்பும். சரியை கிரியைகளை விலையாகக் கொடுத்துச் சத்திநிபாதத்தைக் கொள்ளலாம் என எச்சித்தாந்தியும் கூறான். அற்றேல், சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரம், வேடரிடை வளர்ந்த அரசன் மகனுக்கு அவன் பிறப்பை உணர்த்துமாறுபோல, இறைவன் குருவாய் வந்து உணர்த்துதற்குத் தவத்தை முன்வைத்ததென்னை? எனின், அத்தவம் முயற்சியே. ஆயினும் அம்முயற்சிக்கு முதல் எது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

கோவில்பட்டிக் கரிசற்காட்டில் உழவர் புரட்டாசியில் மழைக்கு முன்னரே புழுதியில் விதைப்பர். விதைத்தமையால் மழை பெய்யக் கடப்பாடுடையதன்று. உழாத நிலத்திலும் அம்மழையே பெய்யும். ஆங்கு முளைப்பது வேறு. கோடையிற் பாளம் பாளமாக வெடித்த கரிசல், அவ்வெடிப்பின் வழியே முதன்மழையை ஆழத்தில் வாங்கிக்கொள்ளும். லூதர் வழியினர் இதனைக் கண்டால், நிலத்தின் வறுமையே அதன் தகுதி என்பர், அவ்வுரையும் அழகிதே. யாம் பிறிதொன்று காண்கின்றோம். உழவன் கையிலுள்ள விதை சென்ற ஆண்டு மழையால் விளைந்தது. உழும் எருதும் அம்மழையால் விளைந்த சோளத்தட்டையைத் தின்று நின்றது. அதுபோல, மலத்தைப் பரிபாகப்படுத்துவதும் திரோதான சத்தியே. அது மறைப்புப்போலத் தோன்றினும் அருளேயாம். ஆகவே தவஞ் செய்தானும் இஃது எனது எனச் செருக்க இடமில்லை. இத்துணையும் இருவர்க்கும் பெரிதும் ஒக்கும்.

பிரிவு அடுத்த வினாவிலே உள்ளது. அருள் ஒன்றே காரணமாயின் ஒருவன் பெற, மற்றொருவன் பெறாதது என்னை? இறைவன் உலகுக்கு முன்னரே சிலரைத் தெரிந்துகொண்டான் என்பது கால்வின் கொள்கை. ஒரு பிறப்பே உண்டென்பார்க்கு இவ்வினாவினின்றும் தப்புதல் அரிது. நம் ஆசிரியர், கதிரவன் ஒளி எங்கும் ஒத்துப் பரந்தும் பக்குவமான தாமரையே மலரும் என்று விடுப்பர். இன்று மலராதது நாளை மலரும். காலவேற்றுமையன்றித் தள்ளப்படுதல் இல்லை. இவ்விடத்தில் சித்தாந்தமே வலிது என்பது எம் கருத்து.

ஆயினும் இவ்வலிமைக்குள்ளே ஓர் ஏதம் உண்டு. பரிபாகம் அறிவான் இறைவனும் அவன் எழுந்தருளும் குருவுமே. அதனை ஊரார் கையிற் கொண்டு, பிறரை அபக்குவர் என அளக்கத் தொடங்கின், கொள்கை காவற்கதவாகிவிடும். கோவில்பட்டிக்கு அணித்தாகிய கழுகுமலையில் அதுவே நிகழ்ந்தது. தேர்வீதிகளில் ஊர்வலம் செல்லும் உரிமை மறுக்கப்பட்ட நாடார் மரபினர் பலர் கத்தோலிக்கராயினர். 1895-ஆம் ஆண்டுப் பங்குனித் திருவிழாவில் மூண்ட கலகத்தில் உயிர்கள் மாய்ந்தன. சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1939-இல். போனவர் அருட்கொள்கை இரண்டனையும் சீர்தூக்கிப் போயினர் என எவரும் எழுதுதல் பொருந்தாது. சத்திநிபாதத்தின் நால்வகையையும் நம்மவர் ஏட்டில் விரித்துரைத்திருந்தனர். தேர்வீதியில் அவர்க்கு அதனை எடுத்துரைத்தார் யாவர்? அரசன் மகனைத் தேடித் தந்தையே வேடர் சேரிக்குச் சென்றான் என்று சூத்திரத்திற்குப் பொருள் விரிப்போர், அவ்வூரில் யார் யாரிடஞ் சென்றனர் என்பதனையும் உடன் வைத்து ஆராய்வாராக.