யூக்ளினா யாரிடமும் சான்றிதழ் கேட்கவில்லை!

"படிப்பும் ஏறவில்லை, தொழிலும் படியவில்லை, எதிலும் சேர்த்தி இல்லாதவன்" என்று யாரோ சொன்னதை இன்னுமா சுமந்துகொண்டு திரிகிறாய், தம்பி? இறக்கி வை! சேர்த்தி இல்லாதவர்களின் கதை ஒன்று சொல்கிறேன், கேள்.

பிளஸ் ஒன் உயிரியலில் புரோட்டிஸ்டா என்று ஒரு பாடம் வந்திருக்கும். மதிப்பெண்ணுக்கு உருப்போட்டு மறந்திருப்பாய். தாவரமா, விலங்கா என்று பிடிபடாத நுண்ணுயிர்களை அள்ளிப் போட 1866-இல் எர்ன்ஸ்ட் ஹெக்கல் கட்டிய பரண் அது. 1969-இல் விட்டேக்கர் வகுத்த ஐந்துலக வகைப்பாட்டிலும் பரண் இருந்தது. தாவரமில்லை, விலங்கில்லை, பூஞ்சையில்லை. 'இல்லை, இல்லை' என்றே இலக்கணம் சொல்லப்பட்ட கூட்டம்!

அதில் ஒன்றை நுண்ணோக்கியில் வைத்துப் பார். யூக்ளினா. ஒற்றைச் செல். பச்சை உடல், முன்னால் ஒரு கசையிழை, அருகே ஒரு செம்புள்ளி. அந்தப் புள்ளியின் துணையோடு வெளிச்சம் இருக்கும் திசைக்கு நீந்திப் போய்த் தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும். இருட்டில் அடைத்தால்? நீரில் கரைந்த சத்தை உறிஞ்சிப் பிழைக்கும். ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தை ஊற்றினால் பசுங்கணிகங்களை இழந்து வெளுத்துவிடும். அந்தப் பச்சை பிறகு திரும்பாது. செத்தா போகிறது? சத்துள்ள நீர் கிடைத்தால் வெளுத்த உடம்போடே பிளந்து பெருகித் தலைமுறை தலைமுறையாக வாழும்! தாவரவியலார் தாவரம் என்றார்கள், விலங்கியலார் விலங்கு என்றார்கள். யூக்ளினா நீந்திக்கொண்டே இருந்தது.

கடைசியில் உடைந்தது எது? பரண்தான்! மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்ததும் புரோட்டிஸ்டா என்ற உலகமே சிதறியது. 1845-இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழுகவைத்துப் பஞ்சம் மூட்டிய பைட்டோப்தோராவை நூறாண்டுக்கு மேலாகப் பூஞ்சை என்றே எழுதிவந்தார்கள். அதுவோ டயட்டத்துக்கும் கடலின் கெல்ப் பாசிக்கும் உறவு. (மலேரியாக் கிருமியும் புரோட்டிஸ்டுதான். கூட்டத்தில் எல்லாரும் உத்தமர்கள் என்று நான் சொல்லவில்லை.) உட்கரு கொண்ட உயிர்களின் பெருமரத்தில் விலங்கும் பூஞ்சையும் நிலத்தாவரமும் சில கிளைகள் மட்டுமே. மற்ற கிளைகளெல்லாம் மிச்சம் மீதி என்று ஒதுக்கப்பட்டவை!

இந்த நுண்ணுயிர்களை முதலில் கண்டவரும் சேர்த்தி இல்லாதவர்தான். டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லீவன்ஹூக். பல்கலைக்கழக வாசல் மிதிக்காதவர், அன்றைய அறிஞர் மொழியான லத்தீன் தெரியாதவர். 1674-இல் ஊருக்கு அருகிலிருந்த ஏரி நீரைத் தன் கையால் செய்த வில்லை வழியே பார்த்தார். அவர் கண்ட பச்சை உயிர்களில் யூக்ளினாவும் இருந்திருக்கலாம் என்பது பின்னாள் ஆய்வாளர் கணிப்பு. தனக்குத் தெரிந்த டச்சு மொழியிலேயே லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். ஒரு துளிக்குள் இத்தனை உயிரா என்று 1676-ஆம் ஆண்டுக் கடிதத்தை அங்கே சந்தேகித்தார்கள். மனிதர் மூலையில் உட்கார்ந்து அழவில்லை! பாதிரியார் உட்பட எட்டுப் பேரைக் கூப்பிட்டு, "நீங்களே பாருங்கள்" என்று காட்டி, அவர்கள் கைப்பட எழுதி வாங்கி அனுப்பினார். 1677-இல் அந்தச் சொசைட்டியின் ராபர்ட் ஹூக் தாமே சோதித்து உண்மை என்றார். 1680-இல் சொசைட்டி லீவன்ஹூக்கை உறுப்பினராக்கியது.

எழு தம்பி! உன் வேலையைக் கண்ணால் பார்க்க வேண்டிய எட்டுப் பேர் யார் யார்? இன்று இரவே பெயர்களை எழுது. நாளைக் காலை முதல் ஆளின் கதவைத் தட்டு!