முன்னோரைத் தேடுவது உரிமைக்கா, கடனுக்கா?

சைவப் பெருமக்களின் வாழ்வில் பிதிர்க்கடன் தலையாய கடமைகளுள் ஒன்றாகப் போற்றப்படுகின்றது. இல்வாழ்வான் பேண வேண்டியவர்களை வரிசைப்படுத்திய திருவள்ளுவப் பெருந்தகை, தெய்வத்துக்கும் விருந்துக்கும் முன்பாகத் தென்புலத்தாரையே வைத்துள்ளார். பாலாவித் தீர்த்தக் கரையிலோ ஊர்க் கடற்கரையிலோ தர்ப்பை அணிந்து எள்ளும் தண்ணீரும் இறைக்க அமர்பவரிடம் குருக்கள் தந்தை, பேரன், பூட்டன் என மூன்று தலைமுறையின் பெயர்களைக் கேட்பார். தந்தையின் பெயர் உடனே வரும். பேரனின் பெயரும் வந்துவிடும். பூட்டனின் பெயரில் அநேகர் தடுமாறுவர். நினைவு முடியும் அந்த இடத்திலேதான் முன்னோரைத் தேடும் முயற்சி தொடங்குகின்றது. அத்துடன் ஒரு கேள்வியும் எழுகின்றது. முன்னோரைத் தேடுவது அவர்களைக் காட்டி ஓர் உரிமையை நிலைநாட்டுவதற்காகவா, அன்றி அவர்களுக்குப் பட்ட கடனை உணர்வதற்காகவா?

மன்னார்ப் பிரதேசத்தில் இத்தேடலுக்கு உதவும் ஏடுகளிற் பல அந்நியர் ஆட்சியில் எழுதப்பட்டவை. போர்த்துக்கேயர் 1560இல் மன்னார்த் தீவைக் கைப்பற்றினர். 1658இல் ஒல்லாந்தரும் 1795இல் ஆங்கிலேயரும் வந்தனர். காணியையும் குடிகளையும், வரியையும் ஊழியத்தையும் பதிந்த இடாப்புகள் தோம்பு எனப்பட்டன. ஒல்லாந்தர் காலத்தில் பள்ளிக்கூட உபாத்தியாயர்கள் ஞானஸ்நானங்களையும் விவாகங்களையும் எழுதிவைத்த பள்ளித் தோம்புகளும் இருந்தன. எஞ்சியுள்ள ஒல்லாந்தர் ஆவணங்கள் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் காப்பகத்தில் பேணப்படுகின்றன. ஆங்கிலேயர் காலத்தில் 1867ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் வழியே பிறப்பு, இறப்புப் பதிவு நிலைபெற்றது. 1871இல் நாடு முழுவதற்குமான முதலாவது குடிசன மதிப்பு எடுக்கப்பட்டது. இவற்றுடன் கச்சேரிக் கோவைகள், காணிப் பதிவகத்து இடாப்புகள், நொத்தாரிசுமார் முடித்த உறுதிகள், கத்தோலிக்க தேவாலயங்களின் பதிவேடுகள் என்பனவும் தேடுவோருக்குத் துணைபுரிகின்றன.

பழைய உறுதி ஒன்றை நிதானமாக வாசிப்பவருக்கு அது ஒரு குடும்பத்தின் கதையாகவே விரியும். இன்ன காணி இன்னாருக்கு முதுசொமாக வந்தது, இன்னாருக்குச் சீதனமாகக் கொடுபட்டது, கிழக்கெல்லையில் இன்னாருடைய காணி என்று அது சொல்லிச் செல்லும். ஆயினும் ஆளை இனங்காண்பது இலகுவன்று. தமிழர்களுட் பெரும்பாலாருக்கு நிலையான குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயரே முதலெழுத்தாக நிற்கும். பிள்ளைக்குப் பாட்டனின் பெயரை இடும் வழக்கமும் உண்டு. பெயரன் என்ற சொல்லே பேரன் ஆயிற்று. ஈழத்துப் பேச்சு வழக்கிலோ பாட்டனும் பேரன், பிள்ளையின் பிள்ளையும் பேரன். ஆகவே ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு மறு தலைமுறையில் திரும்பத் திரும்ப வரும். ஊர்ப் பெயர், காணிப் பெயர், அயலவர் பெயர் யாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தே ஒருவரை இன்னாரென்று துணிய வேண்டும். அப்பொறுமையின்றி, பெயரும் புகழும் பெற்ற ஒருவரைத் தம் பூட்டனாக்கிக் கொள்வது எளிது. உண்மையைத் தேடப் புறப்பட்டவருக்கு வரும் முதலாவது சோதனை அதுவே.

விரும்பியதைத் தேடுபவருக்கு விரும்பாததும் கிடைக்கும் என்பது இரண்டாவது சோதனை. ஒல்லாந்தர் தமது சபையில் ஞானஸ்நானமும் விவாகமும் பதிந்தவர்களையே சட்டத்துக்கு உட்பட்ட குடிகளாக மதித்தனர். பிள்ளைகளின் முதுசொ உரிமையும் அரசாங்க உத்தியோகமும் அப்பதிவில் தங்கியிருந்தன. அதனால் வீட்டிலே திருநீறு அணிந்தவர்கள் ஏட்டிலே கிறித்தவப் பெயர் தாங்க நேரிட்டது. இன்றைய சைவக் குடும்பம் ஒன்று தன் வரிசையில் அத்தகைய பெயர் ஒன்றைக் கண்டால் வெட்கப்பட வேண்டுமா? தன் பிள்ளைகளின் காணியையும் அவர்களின் வாழ்வையும் காக்க ஒரு தகப்பன் சுமந்த சுமை அது. அதே மண்ணிலே 1544இல் கத்தோலிக்க மதத்தைத் தழுவிய மக்கள் யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் ஆணையால் வெட்டுண்டு மாண்டனர் என்பதும் மறக்கத்தக்கதன்று. ஆலயத்தை இடித்த கதையும் அடியாரைக் கொன்ற கதையும் ஒரே கரையின் கதைகள்.

சாதியின் பக்கம் இதனிலும் கசப்பானது. வடபகுதியில் அடிமைமுறை நிலவியது. ஆங்கிலேயர் ஆட்சியில் அடிமைகளின் பெயர்கள் பதியப்பட்டன. 1844இல் அம்முறை சட்டத்தால் முற்றாக ஒழிக்கப்பட்டது. இவ்விடாப்புகளைப் புரட்டும் ஒருவர் தம் முன்னோரை அடிமையாகக் காணலாம். அடிமையை வைத்திருந்தவராகவும் காணலாம். முன்னதைக் கண்டு நாணுவதற்கு எதுவுமில்லை. பின்னதைக் கண்டு பெருமை கொள்வதற்கும் எதுவுமில்லை.

இங்கே முதுசொம் என்ற சொல்லை மீண்டும் நினைத்துப் பார்ப்பது பொருந்தும். தகப்பனின் வயலை ஏற்றுக்கொண்டு, அவர் பட்ட கடனுக்குத் தான் பொறுப்பல்ல என்று சொல்லும் மகனை ஊர் மதிப்பதில்லை. குலப்பெருமையை முதுசொமாக ஏற்பவரும் அவ்வாறே அக்குலம் பிறருக்கு இழைத்த தீங்கையும் சேர்த்தே ஏற்றல் வேண்டும். முன்னோரின் வினைக்குப் பின்னோர் குற்றவாளியாகார். அவரவர் வினை அவரவரையே சாரும் என்பது சைவ சித்தாந்தம். எனினும் அவ்வினையால் விளைந்த நிலபுலனை அனுபவிப்பவருக்கு ஒரு பொறுப்பு உண்டு. அன்று திருவீதியில் ஒதுக்கி வைக்கப்பட்டவரின் பேரப்பிள்ளை இன்று ஆலயத்துக்கு வரும்போது, முன்வரிசையில் இடங்கொடுத்து நிற்பது அப்பொறுப்பின் ஒரு சிறு பகுதி.

பழையதைக் கிளறுவதால் பகைதான் வளரும் என்று கூறும் பெரியோர்களும் உளர். அவர்களின் அச்சத்தில் நியாயம் உண்டு. ஆகையால் இத்தேடலுக்கு ஓர் எல்லை வேண்டும். தன் வேரைத் தோண்டிப் பார்ப்பது அறம். சம்பந்தம் பேசும் வேளையிலோ வழக்கு வரும் வேளையிலோ அயல்வீட்டான் வேரைத் தோண்டிச் சபையில் வைப்பது அறமாகாது.

ஏடு இல்லாதவரின் நிலையையும் இங்கே எண்ண வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர்கள் காட்டுவழியே மலைநாட்டுக்கு நடந்தனர். வழியிலேயே மாண்டவர் பலர். அவர்களின் சந்ததியாரிடம் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம், தந்தை இந்நாட்டில் பிறந்தவரா, அன்றேல் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர்களா என்று கேட்டது. குருக்கள் தீர்த்தக் கரையில் கேட்கும் அதே மூன்று தலைமுறை. ஆனால் குருக்கள் பெயர் தெரியாதவரையும் எழுப்பி அனுப்புவதில்லை. அரசு பல இலட்சம் மக்களை நாடற்றோர் ஆக்கியது. எஞ்சியிருந்தோரின் குறையைத் தீர்க்க 2003இலும் ஒரு சட்டம் தேவைப்பட்டது. 1990இல் மன்னார்த் தமிழர் பலர் படகேறி மண்டபம் முகாமை அடைந்தனர். அவ்வாண்டு ஒக்டோபரில் தீவின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். 2007 முதல் 2009 வரை பெருநிலப்பரப்பின் கிராமங்களும் இடம்பெயர்ந்தன. உறுதிகளும் பிறப்புப் பத்திரங்களும் அவ்வோட்டங்களில் தொலைந்தன. ஏட்டில் பெயர் இல்லையென்பதால் ஒருவர் அம்மண்ணில் வாழவில்லை என்றாகிவிடாது. ஏட்டை வைத்திருப்பவர் இல்லாதவரைத் தள்ளுவதற்கு அதைப் பயன்படுத்துவாராயின், அத்தேடல் பாவமாகவே முடியும்.

தேடல் எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்குத் திருக்கேதீச்சரமே சான்று. போர்த்துக்கேயரால் தரைமட்டமாக்கப்பட்ட ஆலயத்தைச் சைவமக்கள் மறக்கலாகாது என்று நாவலர் பெருமான் 1872இல் எழுதினார். காடாகிக் கிடந்த அவ்விடத்தை அடியார்கள் தேடிக் கண்டு 1903இல் வழிபாட்டை மீண்டும் தொடக்கினர். 1976இலும் 2022இலும் கும்பாபிஷேகங்கள் நிகழ்ந்தன. தேடியவர்கள் பழம்பெருமை பேசுவதுடன் நின்றிருந்தால் காடு காடாகவே இருந்திருக்கும். கண்டெடுத்ததற்குப் பணி செய்தமையாலேயே கோயில் எழுந்தது.

அவ்வாறே குடும்பத்தின் வேரைக் கண்டவருக்கும் பணி காத்திருக்கின்றது. முதியவர்கள் உள்ளபோதே அவர்கள் சொல்வதை ஒரு கொப்பியில் எழுதி வைத்தல் வேண்டும். தாய், பேர்த்தி, பூட்டி ஆகியோரின் பெயர்களையும் எழுதுதல் வேண்டும். வரி கேட்ட அரசுகள் பெண்களை அரிதாகவே எழுதின. இடம்பெயர்வில் இறந்தவர்களையும், இன்னும் திரும்பி வராதவர்களையும் அவரவர்க்குரிய உண்மையோடு எழுதுதல் வேண்டும். நல்லதை மட்டும் எழுதிய ஏடு பேரப்பிள்ளைகளை ஏமாற்றும்.

எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது முன்னோரிடம் எவரும் எதையும் உரிமை கோருவதில்லை. கொடுக்கவே கை நீளுகின்றது. முன்னோரைத் தேடும் கையும் அவ்வாறே நீளுமாயின் அத்தேடல் வழிபாடாகும். அதற்கு கௌரியம்பாள் சமேத கேதீச்சரநாதன் திருவருள் துணைநிற்பதாக.