மேடை வேண்டாம் என்கிற பிள்ளை

"வாசிக்கப் பிடிக்குது மாமா. மேடைதான் வேணாம்" என்கிறான் அக்கா மகன். பொட்டிபுரத்திலிருந்து போடிக்குப் போய்ப் புல்லாங்குழல் கற்கிறான். அக்காவுக்கு ஆற்றாமை. "வீட்டுக்குள்ள ஊதுறதுக்கா தம்பி இம்புட்டுச் செலவு?" விடியுமுன் ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறுகிறவள் கேட்கிறாள், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் எனக்கு மாலியின் நினைவு வந்துவிடுகிறது.

1926-இல் திருவிடைமருதூரில் பிறந்த டி.ஆர். மகாலிங்கம் என்கிற மாலி, ஏழு வயதில் மயிலாப்பூரில் மேடை ஏறினார். புல்லாங்குழலைத் தனிக்கச்சேரி வாத்தியமாக்கிய பெருமை கும்பகோணம் சரப சாஸ்திரியுடையது. அவருடைய சீடர் பல்லடம் சஞ்சீவ ராவ் அந்த வழியை வளர்த்தார். மாலி குழலுக்குள் வாய்ப்பாட்டையே கொண்டுவந்தார். தோடி ராகத்தின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது, அசைந்துகொண்டே இருக்க வேண்டும். அதற்காக எங்கள் பிள்ளையின் விரல்நுனி துளையின் விளிம்பிலேயே தவழ்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஓர் இழை கூடுதலாகத் திறந்தாலும் சுருதி விலகிவிடும். உதட்டையும் கூடவே திருப்ப வேண்டும். அந்தக் கமகத்தைக் குழலில் முழுசாகப் பிடித்துக் காட்டியவர் மாலி.

அவரே பின்னாளில் ஒப்புக்கொண்ட கச்சேரிக்கு வராமல் இருந்தார். வந்தாலும் சில நாள் பாதியில் எழுந்து போனார். திமிர் என்றார்கள். காசு கொடுத்துக் காத்திருந்தவர்களின் கோபம் நியாயம்தான். ஆனால் அந்த ஏழு வயதுப் பிள்ளையிடம் "உனக்கு மேடை வேண்டுமா?" என்று யாராவது கேட்டிருப்பார்களா? எனக்கு நம்பிக்கையில்லை. குழந்தை மேதையைக் கண்டால் நாம் எல்லோரும் மகிழ்ந்து போகிறோம், அவசரப்படுகிறோம்.

மாலியின் சீடர் திருவாரூர் என். ரமணியோ அதே பாணியைக் கையில் எடுத்து, பல பத்தாண்டுகள் மேடையிலேயே வாழ்ந்தார். 1996-இல் சங்கீத கலாநிதி ஆனார். அவருக்கு மேடை பொருந்தியது. வாசிக்கத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அது பொருந்தியே ஆகவேண்டும் என்று நாம் ஏன் நினைக்கிறோம்? ஊருக்குக் காட்டாத வித்தை வீண் என்று எனக்குத் தோன்றவில்லை. அவன் வாசிக்கும்போது அடுப்படியில் அக்காவின் கை வேலையை மறந்து நிற்பதை நான் கண்டிருக்கிறேன்.

இந்த வருஷ இசைப் போட்டிக்குப் பெயர் கொடுக்க வேண்டாம், வகுப்பை மட்டும் நிறுத்திவிடாதே என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். ஃபீஸில் பாதி என் பொறுப்பு. அவனாகக் கேட்டால் மேடைக்கு நானே கூட்டிப்போவேன். கேட்காவிட்டாலும் ஃபீஸ் கட்டுவேன்.